ஒன்பதாம் வகுப்பு மகனுக்கு எந்தப் புத்தகம் கொடுப்பது?

நொய்யல்வாசி (கோவை):

நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். என் மகன் வரும் ஜூன் மாதம் ஒன்பதாம் வகுப்புக்குப் போகிறான். சிறு வயதில் கையில் கிடைத்த கதைப் புத்தகங்களையெல்லாம் படித்துத் தீர்த்தவன், இப்போது பாடப்புத்தகத்தைத் தவிர வேறு எதையும் தொடுவதில்லை. ஆங்கில வழியில் படிக்கிறான் என்றாலும் தமிழைத் தடங்கலின்றி வாசிப்பான். ஆனால் பக்கம் நிறைந்த நீண்ட பத்திகளைக் கண்டால் சலித்துக்கொள்கிறான். கிரிக்கெட்டில் பெரும் ஈடுபாடு உண்டு. புலி, பாம்பு, யானை பற்றிய காணொளிகளைக் கைப்பேசியில் மணிக்கணக்காகப் பார்க்கிறான்.

உறவினர்கள் பிறந்தநாளுக்குக் கொடுத்த தன்னம்பிக்கை நூல்கள் அலமாரியில் அட்டை கசங்காமல் நிற்கின்றன. என் மைத்துனர் பொன்னியின் செல்வன் ஐந்து பாகங்களையும் ஒரே பெட்டியாக வாங்கிக் கொடுத்தார். வந்தியத்தேவன் ஆழ்வார்க்கடியானைச் சந்திக்கும் இடத்திலேயே பையன் நின்றுவிட்டான். 'திரைப்படமாகப் பார்த்தாயிற்றே' என்பது அவன் சொல்லும் காரணம்.

நூறு புத்தகப் பட்டியல்கள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. எனக்கு அவை வேண்டாம். இந்த வயதுப் பையனுக்கு எதை, எந்தக் காரணத்திற்காகக் கொடுக்கலாம், எதைச் சற்றுப் பொறுத்துக் கொடுக்கலாம் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

காவிரிமைந்தன் (குடந்தை):

பொன்னியின் செல்வனைக் கைவிட வேண்டாம். அதற்கு முன்னால் பார்த்திபன் கனவைக் கொடுத்துப் பாருங்கள். அளவில் சிறியது, கல்கியின் நடைக்குக் கண்ணும் காதும் பழகிவிட்டால் பெரியதைத் தானே எடுப்பான். என் மகள் அப்படித்தான் எடுத்தாள். மகனைப் பற்றிக் கேட்காதீர்கள்.

கிளைநூலகர் (ஈரோடு, ஓய்வு):

நொய்யல்வாசி அவர்களுக்கு, பணிக்காலம் முழுவதையும் கிளை நூலகங்களில் கழித்தவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்கிறேன்.

பதின்மூன்று முதல் பதினாறு வயது வரையிலான பையன்கள் அலமாரியின் முன் நிற்கும்போது என்ன செய்கிறார்கள் என்று நான் பலமுறை கவனித்திருக்கிறேன். முதலில் புத்தகத்தைப் பக்கவாட்டில் திருப்பி அதன் தடிமனைப் பார்ப்பார்கள். பிறகு நடுவில் ஏதோ ஒரு பக்கத்தைப் பிரிப்பார்கள். அந்தப் பக்கத்தில் உரையாடல் இருந்தால் இரண்டு வரி படிப்பார்கள்; மேலிருந்து கீழ் வரை இடைவெளியின்றி அச்சிட்டிருந்தால் அப்படியே திரும்ப வைத்துவிடுவார்கள். முன்னுரையையோ, அணிந்துரையையோ, வாங்கிய விருதையோ பார்த்த பையனை நான் கண்டதில்லை. பெரியவர்களாகிய நாம் புத்தகம் தேர்ந்தெடுப்பதோ பெரும்பாலும் அந்த மூன்றையும் பார்த்துத்தான்.

பொன்னியின் செல்வன் விஷயத்தில் ஒன்றைச் சொல்லவேண்டும். அது 1950 முதல் 1954 வரை கல்கி வார இதழில் தொடராக வந்த கதை. வாரத்திற்குச் சில பக்கங்கள் மட்டும் கிடைத்து, அடுத்த வாரத்திற்காகக் காத்திருந்தவர்களுக்கென்று எழுதப்பட்டது; அதனால்தான் அத்தியாயங்கள் பலவும் ஒரு கேள்வியில் போய் நிற்கின்றன. அந்தக் கதையை ஐந்து பாகங்களாகப் பெட்டியில் அடுக்கி, விடுமுறைக்குள் முடித்துவிடு என்று சொன்னால், பையன் கதையைப் பார்க்கமாட்டான். பெட்டியின் எடையைத்தான் பார்ப்பான். இப்போதைக்கு அவன் கண்ணில் படாத இடத்தில் எடுத்து வையுங்கள்.

உங்கள் மகன் புலியையும் பாம்பையும் மணிக்கணக்காகப் பார்க்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அதை ஒரு குறைபோலச் சொல்கிறீர்கள். எனக்கு அது தொடங்கவேண்டிய இடமாகத் தெரிகிறது. ஜிம் கார்பெட் எழுதி, தி. ஜ. ர. தமிழில் தந்த குமாயுன் புலிகள் நூலைத் தேடிப் பிடியுங்கள். சம்பாவத் என்ற ஊரின் பெயரால் அறியப்பட்ட பெண்புலி நேபாளத்திலும் குமாயுனிலுமாக 436 மனித உயிர்களைக் கொன்றது என்று கார்பெட் எழுதுகிறார். இந்த எண்ணிக்கை எந்தப் பையனையும் நிமிர்ந்து உட்காரச் செய்யும். ஆனால் அந்த அத்தியாயத்தின் மதிப்பு அதற்குப் பிறகு வரும் இடத்தில் இருக்கிறது. புலி வீழ்ந்த பிறகு கார்பெட் அதன் வாயைச் சோதிக்கிறார். வலப்பக்கத்து மேல் கோரைப்பல் பாதியாக முறிந்திருக்கிறது. கீழ்க் கோரைப்பல் எலும்பு வரைக்கும் போய்விட்டிருக்கிறது. என்றோ யாரோ சுட்ட குண்டினால் வந்த காயம். இயல்பான இரையை அடிக்க முடியாமல் போன விலங்கு மனிதர்களிடம் வந்தது. வேட்டைக் கதை என்று எண்ணிப் புத்தகத்தை எடுத்தவன், அந்த இடத்தில் யார் முதலில் தவறு செய்தது என்ற கேள்வியைத் தானாகவே எழுப்பிக்கொள்வான். நாம் எதுவும் விளக்கவேண்டியதில்லை.

அதிலிருந்து போக வழிகள் உண்டு. கி. ராஜநாராயணனின் பிஞ்சுகள் சிறிய நாவல்தான். பறவைகளின் மேலும் அவற்றின் முட்டைகளின் மேலும் பித்துக்கொண்ட ஒரு கரிசல் சிறுவனின் கதை. பிறகு மா. கிருஷ்ணனின் கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் தொகுத்த மழைக்காலமும் குயிலோசையும் இருக்கிறது. காணொளியில் ஆப்பிரிக்கச் சிங்கத்தை மட்டும் பார்த்தவனுக்கு, நம் வீட்டுக் கூரையில் வந்து உட்காரும் பறவையைப் பற்றியும் தமிழில் இவ்வளவு நுட்பமாக எழுதியிருக்கிறார்கள் என்பது புதிய செய்தியாக இருக்கும். கட்டுரைகள் சிறியவை; எங்கிருந்தும் படிக்கலாம்.

முதல்பட்டதாரி (தருமபுரி):

தன்னம்பிக்கை நூல்களை எல்லோரும் ஏளனமாகப் பேசுவது இப்போது வழக்கமாகிவிட்டது. அதை நான் ஏற்கவில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிப்படிப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். எந்தக் கல்லூரிக்கு விண்ணப்பிப்பது, நேர்முகத் தேர்வில் எப்படி உட்காருவது, தோற்றால் என்ன செய்வது என்று சொல்லிக்கொடுக்க வீட்டில் ஒருவரும் இல்லை. எம். எஸ். உதயமூர்த்தியின் எண்ணங்கள் நூலை யாரோ கையில் கொடுத்தார்கள்; ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து, உன்னால் முடியும் என்று சொல்வதுபோல அது எனக்கு இருந்தது. வீட்டில் அப்பாவும் மாமாவும் படித்தவர்களாக இருக்கிற பிள்ளைகளுக்கு அது தேவைப்படாமல் இருக்கலாம். எல்லாப் பையன்களுக்கும் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

தமிழாசிரியை (நெல்லை மாவட்டம்):

முதல்பட்டதாரி தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. வழிகாட்டுதலைத் தேடிக்கொண்டிருந்தவருக்கு அந்த நூல் துணையாக இருந்திருக்கிறது. உறவினர்கள் பரிசாகக் கொடுக்கும்போது அதே நூல் வேறு பொருள் கொண்டுவிடுகிறது. 'நீ இப்போது இருக்கிற நிலையில் போதாது' என்று அட்டையிலேயே எழுதிக் கொடுத்ததுபோல் ஆகிவிடுகிறது. ஏற்கெனவே மதிப்பெண் பட்டியலிலும் தேர்வுத் தயாரிப்பு வகுப்பிலும் அதையே நாள்தோறும் கேட்கிற பையன், பிறந்தநாள் பரிசிலும் அதைக் கேட்க விரும்பமாட்டான்.

நான் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குத் தமிழ் எடுக்கிறேன். என் அனுபவத்தில், வாசிப்பை விட்டுவிட்ட பையனை மீட்க நாவலைவிடச் சிறுகதையே ஏற்றது. ஒரே அமர்வில் முடிந்துவிடுகிறது. 'ஒன்றை முழுதாகப் படித்து முடித்தேன்' என்ற நிறைவு அவனுக்கு அன்றே கிடைக்கிறது. பாடவேளையில் மீதமாகும் நேரங்களில் நான் வாசித்துக்காட்டிய கதைகளில் மூன்றைப் பற்றிச் சொல்கிறேன்.

முதலாவது, கி. ரா.வின் கதவு. கழற்றாமல் சுவரில் நிற்கிற வீட்டுக் கதவைப் பேருந்தாக வைத்துப் பிள்ளைகள் விளையாடுவதில் கதை தொடங்குகிறது. சீட்டுக் கொடுப்பதும் ஊர்ப் பெயர் சொல்வதுமாகப் போகும்போது வகுப்பே சிரிக்கும். தீர்வை பாக்கிக்காக அந்தக் கதவைக் கழற்றிக்கொண்டு போகும் இடம் வரும்போது சிரிப்பு நின்றுவிடும். அதன் பிறகு அந்த வீட்டுக்குள் என்ன நேர்கிறது என்பதை இங்கே சொல்லமாட்டேன். பின்வரிசைப் பையன் ஒருவன் வகுப்பு முடிந்தபின் வந்து, 'டீச்சர், கதவு இல்லாமல் அவர்கள் அந்தக் குளிரில் எப்படித் தூங்கினார்கள்?' என்று கேட்டான். தேர்வு வினாத்தாளில் ஒருநாளும் அவன் இவ்வளவு நல்ல கேள்வியைச் சந்தித்திருக்கமாட்டான்.

இரண்டாவது, புதுமைப்பித்தனின் கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும். சென்னைத் தெருமுனையில் திருவல்லிக்கேணிக்கு வழி கேட்டு நிற்கும் கடவுளைச் சித்த வைத்தியப் பத்திரிகை நடத்தும் பிள்ளை காப்பி குடிக்க அழைத்துப் போகிறார்; பத்திரிகைக்கு ஆயுள் சந்தா கட்டச் சொல்கிறார்; யாருடைய ஆயுள் என்று பேச்சு வருகிறது. பதினான்கு வயதுக்குரிய குறும்பு முழுவதும் அந்தக் கதையில் இருக்கிறது. தமிழ் இலக்கியம் என்றாலே கண்ணீரும் அறிவுரையும்தான் என்று எண்ணிக்கொண்டிருக்கும் பையன்களுக்கு இதைக் கொடுக்கலாம்.

மூன்றாவதாகச் சொல்லப்போவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். அம்பையின் அம்மா ஒரு கொலை செய்தாள். தாய் வெளியூர் போயிருக்கும் நேரத்தில் பூப்பெய்திவிட்ட ஒரு சிறுமி, வீட்டில் மற்றவர்கள் செய்யும் ஆரவாரத்திற்கு நடுவில் தாய் வந்து ஒரு சொல் சொல்லமாட்டாளா என்று காத்திருக்கும் கதை அது. பெண்பிள்ளைகளுக்குரிய கதை என்று இதை ஒதுக்கிவிடுகிறோம். பெண்பிள்ளைக்கு அந்த வீடு எப்படியிருக்கும் என்பது ஏற்கெனவே தெரியும்; தெரியாமலிருப்பவன் பையன்தான். உடன் படிக்கும் பெண்களைப் பற்றி அவனுக்குச் சொல்லித்தர இன்று கைப்பேசி காத்துக்கொண்டிருக்கிறது. அதற்கு முன்னால் அம்பை சொல்லட்டும் என்பது என் கருத்து.

விடுதிஅறை (சென்னை, கல்லூரி மாணவர்):

இந்த இழையில் அந்த வயதை அண்மையில் கடந்து வந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன் என்று நினைக்கிறேன். அதனால் பையனின் பக்கத்திலிருந்து பேசுகிறேன்.

எனக்கு வாசிப்பு கசந்துபோனதற்குக் கைப்பேசி காரணமில்லை. ஒவ்வொரு புத்தகத்தையும் முடித்தவுடன் வீட்டில் கேட்கப்பட்ட கேள்விதான் காரணம்: 'இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டாய்?' திரைப்படம் பார்த்துவிட்டு வந்தால் யாரும் அப்படிக் கேட்பதில்லை. நொய்யல்வாசி ஐயா, தயவுசெய்து அந்தக் கேள்வியை மட்டும் கேட்காதீர்கள்.

என்னைத் திரும்ப இழுத்து வந்தவை காமிக்ஸ் புத்தகங்கள். என் சித்தப்பா சேர்த்துவைத்திருந்த முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் இதழ்கள் பரணில் ஒரு பெட்டி நிறைய இருந்தன. முத்து காமிக்ஸ் 1972இல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கியது என்பதைச் சித்தப்பா குலப்பெருமைபோலச் சொல்வார். 'படம் பார்க்கிற வயதா இது?' என்று பெரியவர்கள் கேட்கலாம். ஆனால் பேச்சுத்தமிழுக்கும் எழுத்துத்தமிழுக்கும் நடுவில் நிற்கும் அந்த உரையாடல் நடையைப் பழகிய பிறகு, பக்கம் நிறைந்த எழுத்து என்னை அச்சுறுத்தவில்லை.

அடுத்ததாகச் சுஜாதா. என் இனிய இயந்திராவை நான் எடுத்ததற்குக் காரணம் ஜீனோ என்ற இயந்திர நாய். 1980களில் எழுதப்பட்ட அந்தக் கதை 2020களின் தொடக்கத்தில் நடப்பதாக வருகிறது. அன்றைக்கு எதிர்காலம், உங்கள் மகனுக்கோ அது ஆரம்பப் பள்ளிக் காலம். எதெல்லாம் பலித்தது, எதெல்லாம் பலிக்கவில்லை என்று எண்ணிக்கொண்டே படிப்பதில் தனிச் சுவை உண்டு. ஒரு கணினியும் தொலைபேசியும் எப்படி இருக்கும் என்று ஊகித்தவர், ஆட்சியாளரை மக்கள் வணங்கும் விதத்தையும் ஊகித்திருக்கிறார்.

அசோகமித்திரனின் புலிக் கலைஞன் சிறுகதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். திரைப்பட நிறுவன அலுவலகத்தில் வேலை கேட்டு வரும் மெலிந்த மனிதர், புலி முகமூடியை மாட்டிக்கொண்டு பாய்ந்து காட்டுகிறார். அந்தச் சில வரிகளில் அறைக்குள் ஒரு புலி உண்மையாகவே வந்துவிடுகிறது. பள்ளியில் படித்தபோது எனக்கு மேனி சிலிர்த்தது.

இறுதியாக, பூமணியின் வெக்கை. அசுரன் படத்தைப் பார்த்த பையனாக இருந்தால் உடனே கொடுக்கலாம்.

காவிரிமைந்தன் (குடந்தை):

கிரிக்கெட் என்றும் சொல்லியிருக்கிறாரே. அசோகமித்திரனின் 18வது அட்சக்கோடு நாவலில் கதாநாயகன் கிரிக்கெட் ஆடுகிற மாணவன்தான். 1948 செப்டம்பரில் ஐதராபாத் இந்தியாவுடன் சேர்க்கப்பட்ட காலம் பின்னணி. கிரிக்கெட்டில் தொடங்கி வரலாற்றுக்குள் போய்விடலாம்.

வைப்பாற்றுக்காரர் (தூத்துக்குடி மாவட்டம்):

வெக்கையைப் பற்றி என் கருத்தைச் சொல்லியாக வேண்டும். நான் அதைப் படித்தவன், பூமணியை மதிப்பவன், எங்கள் ஊர் மண்ணும் எங்கள் ஊர்ப் பேச்சும் அந்த நாவலில் இருக்கின்றன. ஆயினும் பதினைந்து வயதுச் சிதம்பரம் தன் அண்ணனைக் கொன்றவனை வெட்டிவிட்டு ஓடுவதில் தொடங்கும் நாவலை, அதே வயதுப் பையன் கையில் கொடுக்க எனக்குத் தயக்கம் இருக்கிறது. எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் பிள்ளைகள் கையில் சாதிக் கயிறு கட்டிக்கொண்டு வருவதை எல்லோரும் அறிவார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனை அவன் வீட்டுக்குள்ளேயே புகுந்து உடன் படித்தவர்கள் வெட்டினார்கள். மாணவர்களிடையே சாதிப் பகையைத் தடுக்கும் வழிகளை ஆராய, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு ஒரு குழுவையே அமைக்கவேண்டி வந்தது. இந்தச் சூழலில் அரிவாள் எடுத்த சிறுவனை நாயகனாகக் காட்டும் கதை என்ன விளைவை உண்டாக்கும் என்று யாரால் உறுதி சொல்ல முடியும்? கோவையில் இருப்பவர்களுக்கு இது இலக்கியமாகத் தெரியலாம். எங்களுக்கு அடுத்த தெரு.

தமிழாசிரியை (நெல்லை மாவட்டம்):

ஐயா, நானும் அதே மாவட்டங்களில்தான் வேலை செய்கிறேன். உங்கள் அச்சம் எனக்குப் புரியாதது அன்று. ஆனால் நாவலை மறுபடி நினைத்துப் பாருங்கள். வெட்டு தொடக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு புத்தகம் முழுவதும் அப்பனும் மகனும் ஒளிந்து திரிவதுதான்: மலை ஏறுவது, கிடைத்ததைப் பொங்கித் தின்பது, ஆள் அரவம் கேட்டால் மூச்சை அடக்குவது, அம்மாவும் தங்கையும் என்ன ஆனார்களோ என்று ஏங்குவது. வெட்டியதால் வந்த பெருமையை அந்தப் புத்தகத்தில் எங்கும் நான் பார்க்கவில்லை. திரைப்படம் பையன்களுக்குக் கொடுப்பது சண்டைக் காட்சியை. பூமணி கொடுப்பது அடுத்த நாள் காலையை. படத்தைப் பார்த்துவிட்ட பையன் நாவலையும் படிப்பதுதான் நல்லது என்று அதனால்தான் சொல்கிறேன்.

சாதியைப் பற்றி அந்த வயதில் படிக்கவே கூடாது என்று வைத்துவிட்டால், கயிறு கட்டிவிடும் அண்ணன்களிடமிருந்து மட்டும்தான் அவன் அதைப் பற்றிக் கேட்டுக்கொள்வான். வெக்கை வேண்டாம் என்றால் பெருமாள்முருகனின் கூளமாதாரி இருக்கிறது. கொங்கு நாட்டு மேட்டுக்காட்டில், பண்ணையத்தில் ஆடு மேய்க்க விடப்பட்ட தாழ்த்தப்பட்ட சிறுவனின் கதை. ஆடுகளுக்குப் பெயர் வைப்பதும் கிணற்றில் குதிப்பதும் பனங்காட்டில் திரிவதுமாக அவனும் அவன் கூட்டாளிகளும் எல்லாப் பையன்களையும்போலத்தான் இருக்கிறார்கள். இரவில் சோற்றுக்கு எந்த வாசலில் போய் நிற்கிறான் என்பதில்தான் வேறுபாடு. கோவைப் பையனுக்கு அது அடுத்த தெருவும்கூட.

வைப்பாற்றுக்காரர் (தூத்துக்குடி மாவட்டம்):

கூளமாதாரியை ஏற்கிறேன். வெக்கை விஷயத்தில் பதினாறு, பதினேழு ஆகட்டும் என்ற என் எண்ணம் மாறவில்லை. அப்போதும் தகப்பனோ ஆசிரியரோ உடன் படிக்கவேண்டும்.

கிளைநூலகர் (ஈரோடு, ஓய்வு):

வயது என்ற பேச்சு வந்துவிட்டதால் 18வது அட்சக்கோடு பற்றியும் ஒரு சொல். காவிரிமைந்தன் சொன்னபடி அதில் கிரிக்கெட் உண்டு; செகந்திராபாத் இரயில்வே குடியிருப்பில் வளரும் பையனின் நட்பும் பொறாமையும் வெகு இயல்பாக வந்திருக்கின்றன. ஆனால் அதன் இறுதிப் பக்கங்களில், கலவர நேரத்தில் ஒரு வீட்டுக்குள் அவன் காணும் காட்சி, படிக்கிறவரை நிலைகுலைய வைப்பது. அந்தக் காட்சி இல்லாமல் நாவல் இல்லை. ஆபாசம் என்று அதைச் சொல்பவருடன் நான் சண்டைக்கே வருவேன். என்றாலும் கிரிக்கெட் கதை என்று சொல்லிக் கொடுக்கப்பட்ட பதினான்கு வயதுப் பையன் முன்னறிவிப்பின்றி அங்கே போய் நிற்பது சரியாகாது. பதினொன்றாம் வகுப்பில் கொடுங்கள். கொடுக்கும்போது கிரிக்கெட் என்று சொல்லிக் கொடுக்காதீர்கள்.

பனிநிலத்தாள் (தொறொன்ரோ):

எல்லோருக்கும் வணக்கம். யாழ்ப்பாணத்தில் பிறந்து கனடாவில் பிள்ளை வளர்ப்பவளின் சிக்கல் வேறு. என் மகனுக்குப் பதினைந்து வயது. ஆங்கிலத்தில் தடித்தடியான நாவல்களை இரண்டு நாளில் முடிப்பான். தமிழில் எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். அவன் அறிவின் வயதும் அவன் தமிழின் வயதும் ஒன்றாக இல்லை. சிறுவர் கதைகளைக் கொடுத்தால் அவமானமாக நினைக்கிறான். பெரியவர்களின் நாவலைக் கொடுத்தால் இரண்டாம் பக்கத்தில் களைத்துப்போகிறான்.

எனக்குக் கைகொடுத்தது அ. முத்துலிங்கத்தின் உண்மை கலந்த நாட்குறிப்புகள். நாவல் என்று பெயர். ஆனால் ஒவ்வொரு அத்தியாயமும் தனிக்கதைபோல நிற்கும். கொக்குவில் கிராமத்துச் சிறுவயது, பிறகு ஆப்பிரிக்கா, பிறகு எங்கள் கனடா என்று போகும். வசனங்கள் சிறியவை; பகிடி வசனத்துக்கு வசனம் வரும். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம் என்று சத்தமாக வாசித்தோம். அவன் தடுமாறும்போது நான் திருத்தவில்லை. கதை ஓடவேண்டும் என்பதற்காக அடுத்த பக்கத்தை நான் எடுத்துக்கொண்டேன். அம்மம்மா சொல்லும் ஊர் வேறு, இந்தப் புத்தகத்தில் வரும் ஊர் வேறு என்று இப்போது அவளோடு வாதாடுகிறான். ஈழத்து நூல்கள் கடையில் கிடைக்காதவர்களுக்கு நூலகம் இணையத்தளம் இருக்கிறது. செங்கை ஆழியான் போன்றோரின் படைப்புகளை அங்கே தேடலாம்.

முதல்பட்டதாரி (தருமபுரி):

தமிழாசிரியை அம்மாவின் விளக்கத்தை ஏற்றுக்கொள்கிறேன். மனவுறுதி தரும் நூல் வேண்டும், ஆனால் அறிவுரையாக இருக்கக்கூடாது என்றால் உண்மை மனிதனின் கதை ஒன்று இருக்கிறது. பரீஸ் பொலேவோய் எழுதியது, பூ. சோமசுந்தரம் மொழிபெயர்ப்பு. 1942இல் சுட்டு வீழ்த்தப்பட்ட மரேசியெவ் என்ற சோவியத் விமானி, நசுங்கிய கால்களோடு பனிக்காட்டில் பதினெட்டு நாள் தவழ்ந்து வந்து உயிர் பிழைத்தார். இரண்டு கால்களையும் வெட்டி எடுத்துவிட்டார்கள். அடுத்த ஆண்டே செயற்கைக் கால்களோடு மறுபடி போர்விமானம் ஓட்டினார். நாவலில் பெயரைச் சற்று மாற்றியிருக்கிறார்கள். உன்னால் முடியும் என்று அதில் யாரும் மேடையில் நின்று சொல்வதில்லை. அவர் காட்டில் என்ன தின்றார், எந்த மரத்திலிருந்து எந்த மரம் வரை தவழ்ந்தார் என்றுதான் பக்கம் பக்கமாக வருகிறது. சோவியத் பிரசாரம் இருக்கிறதா என்றால் இருக்கிறது. பையன்கள் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள், நான் போனேன்.

நொய்யல்வாசி (கோவை):

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. சில வாரங்கள் கழித்து எழுதுகிறேன்.

குமாயுன் புலிகள் ஆர். எஸ். புரம் மாவட்ட மைய நூலகத்தில் கிடைத்தது. பழைய பதிப்பு, தாள் பழுப்பேறியிருந்தது, அது அவனுக்குப் பிடித்திருந்தது என்பது எனக்குப் புதிய செய்தி. சம்பாவத் புலியை முடித்துவிட்டு, 'அப்பா, அந்தப் பல்லைச் சுட்டவனைப் பற்றி யாருமே எழுதவில்லையே' என்றான். கிளைநூலகர் ஐயா முன்கூட்டியே சொல்லியிருந்ததால் நான் வாயைத் திறக்கவில்லை. பிஞ்சுகளைப் படித்தான், ஆனால் முட்டை எடுப்பது சட்டப்படி குற்றம் அல்லவா என்று கதையோடு சண்டை போட்டுக்கொண்டே படித்தான். கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும் கதையை என் மனைவிக்கு வாசித்துக்காட்டினான். மா. கிருஷ்ணன் பிடிக்கவில்லை, மூன்று கட்டுரையோடு வைத்துவிட்டான். அம்பையின் கதையை அவன் படித்தானா என்று எனக்குத் தெரியாது. தொகுப்பு மேசையில் இருந்தது, பிறகு அவன் அறைக்குப் போயிருந்தது. கேட்கவில்லை.

இப்போது இரண்டு ஐயங்கள். அடுத்த ஆண்டு பத்தாம் வகுப்பு. பொதுத்தேர்வு முடியும் வரை கதைப் புத்தகங்களை நிறுத்திவைக்கவேண்டும் என்று மைத்துனர் சொல்கிறார். மற்றொன்று, எல்லாவற்றையும் நானே தேர்ந்தெடுத்துக் கொடுத்துக்கொண்டிருப்பது சரிதானா?

தமிழாசிரியை (நெல்லை மாவட்டம்):

நிறுத்தவேண்டாம். பத்தாம் வகுப்பில் வாசிப்பை நிறுத்திய பையன்கள் பதினொன்றில் நுழைவுத்தேர்வு என்றும், பன்னிரண்டில் மீண்டும் பொதுத்தேர்வு என்றும் நிறுத்திக்கொண்டே போவதைப் பார்த்துவிட்டேன். நாவல்களைத் தள்ளிவைத்துச் சிறுகதைத் தொகுப்புகளை மட்டும் வெளியே வைத்திருங்கள். உ. வே. சா.வின் என் சரித்திரத்தையும் வைக்கலாம். முழுவதும் வேண்டாம், பதினாறு பதினேழு வயதில் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்கப் போன பகுதி மட்டும் போதும். நல்ல ஆசிரியர் கிடைக்கவேண்டும் என்று ஊர் ஊராக அலைந்த ஒரு பையனைத் தேர்வுக்காலத்துப் பையனுக்கு அறிமுகப்படுத்துவதில் தவறில்லை. அவன் அதைப் படித்துவிட்டு என்னைப் போன்ற ஆசிரியர்களைப் பற்றி என்ன நினைப்பான் என்பது வேறு விஷயம்.

விடுதிஅறை (சென்னை, கல்லூரி மாணவர்):

மா. கிருஷ்ணனைக் கீழே வைத்துவிட்டான் என்பதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளுங்கள் ஐயா. பிடிக்காததைக் கீழே வைக்க வீட்டில் உரிமை இருக்கிறது என்பது தெரிந்தால்தான் பிடித்ததைத் தேடி எடுப்பான். வீட்டில் இருந்த எதையும் பாதியில் விடக்கூடாது என்ற விதியால் நான் ஓராண்டு முழுவதும் எதையும் தொடங்காமலே இருந்தேன்.

கிளைநூலகர் (ஈரோடு, ஓய்வு):

நொய்யல்வாசி அவர்களே, உங்கள் இரண்டாவது ஐயத்திற்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

இதுவரை நீங்கள் தேர்ந்தெடுத்தது சரி; ஓராண்டாகப் படிக்காதவனிடம் 'உனக்கு என்ன வேண்டும்' என்று கேட்டால் அவனுக்கே தெரிந்திருக்காது. இனிமேல் அவன் பெயரில் நூலக உறுப்பினர் அட்டை எடுத்துக் கொடுங்கள். உங்கள் அட்டையில் அவன் புத்தகம் எடுப்பதற்கும் அவன் அட்டையில் அவன் எடுப்பதற்கும் உள்ள வேறுபாட்டை நான் மேசைக்கு இப்பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். திருப்பித் தரவேண்டிய தேதியைக்கூடத் தானே நினைவில் வைத்துக்கொள்வார்கள். பதிப்புரிமை நீங்கிய பழைய நூல்களைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் மதுரைத் திட்டத்திலும் பார்க்கலாம், ஆனால் கைப்பேசியிலிருந்து அவனைச் சற்று நேரம் விலக்குவதுதான் உங்கள் நோக்கம் என்றால் அச்சு நூலே மேல்.

ஜூலையில் கொடிசியா வளாகத்தில் புத்தகத் திருவிழா வரும். ஒரு தொகையை அவன் கையில் கொடுத்துவிட்டு, நீங்கள் வேறு வரிசைக்குப் போய்விடுங்கள். அவன் வாங்கி வருவதில் ஒன்றிரண்டு உங்களுக்கு எரிச்சலூட்டும். பேய்க்கதையாகவோ, மட்டையாட்டக்காரர் ஒருவரின் அவசர வாழ்க்கை வரலாறாகவோ இருக்கும். பணம் கொடுக்கும் மேசையருகில் நின்றுகொண்டு அதைத் திருப்பி வைக்கச் சொல்லாதீர்கள்.

நொய்யல்வாசி (கோவை):

அப்படியே செய்கிறேன் ஐயா. மைத்துனரை மட்டும் அன்றைக்கு அழைத்துப் போகாமல் இருக்க ஒரு வழி தேடவேண்டும்.